கிரேன் இல்லாத கடல்

அத்தியாயம் 9

கண்ணுள்ள எவரும் இன்றைக்கு விழிஞ்ஞம் கடற்கரையில் உட்கார்ந்து கிரேன் இல்லாமல் ஒரு படம் வரைய முடியாது. பகவதியம்மாளின் சந்தேகம் மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கப் போனவள், அதன் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த தாள்களை எடுத்து விரித்துப் பார்த்தாள். எல்லாம் அவள் கணவர் திரவியம் கரியால் வரைந்தவை. பள்ளிவாசல் இருந்தது. மீன்பிடி வள்ளங்கள் இருந்தன. அலை தடுக்கும் பாறைகள் இருந்தன. புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் மட்டும் ஒரு தாளிலும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

வானத்தில் பாதியை மறித்துக்கொண்டு நிற்கும் கிரேன்களைப் பார்க்காமல் ஒரு மனிதர் எப்படி வரைவார்? பார்க்கவில்லை. அங்கே போகவே இல்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் எடுத்த ஏதோ போட்டோவை வைத்துக்கொண்டு, வேறெங்கோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

அப்படியானால் விழிஞ்ஞத்தில் படம் வரையப் படிக்கிறேன் என்று சொல்லி மூன்று மாதமாக ஞாயிறுதோறும் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு இவர் போவது எங்கே?

அவள் சண்டை போடவில்லை. ராத்திரி தட்டை எடுக்கும்போது, "எனக்கும் படம் வரையப் படிக்கணும். அடுத்த வாரம் நானும் வாறேன்" என்று மட்டும் சொன்னாள். மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தண்ணீர் குடித்துக்கொண்டே, "வாயேன்" என்றார். அந்த ஒற்றைச் சொல் அவள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

தூக்கத்தைக் கெடுக்க வேறு விஷயங்களும் இருந்தன. சாலை பஜாரில் ஒரு கடையில் முப்பது வருஷமாகப் பார்த்த கணக்கு வேலையைத் திரவியம் ஆறு மாதத்துக்கு முன்னால் திடீரென்று விட்டுவிட்டார். கண் களைக்கிறது என்றார். அதோடு மகள் திவ்யலட்சுமி. கழக்கூட்டத்தில் வேலை, அங்கேயே பிளாட். ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"நான் டாக்ஸி பிடிச்சி வந்துக்கிடுகேன்மா. நீங்க யாரும் வரவேண்டாம்" என்று அவள் ஒரு மாதமாக அடம்பிடித்தாள்.

"அப்பனும் காரும் இருக்கும்போது வயித்துப்பிள்ளைக்காரி வாடகை வண்டியில வந்து எறங்குவியா? உன் மாமியாரு என்ன நினைப்பா?"

மாமியார்தான் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொடுக்கிறாள் என்று பகவதிக்குத் தோன்றியது. கடைசியில் தாயின் பிடிவாதம் ஜெயித்தது. வரைந்து முடித்ததும் விழிஞ்ஞத்திலிருந்து பைபாஸ் பிடித்து நேரே கழக்கூட்டம் போவதாக ஏற்பாடு.

*

கரமனை வீட்டிலிருந்து கார் கிளம்பியபோது வெளிச்சம் வந்திருக்கவில்லை. பகவதி அவருக்கு இடப்பக்கத்தில், முன்சீட்டில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது பேசிட்டு வாயேன்" என்றார் திரவியம்.

சமீப காலமாகக் காரில் ஏறினால் இதே பேச்சு. கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கேட்டவரில்லை. வயதானால் ஆண்களுக்கு ஒரு பிரியம் ஊறும் என்று நினைத்து அவளும் தொண்டை வற்றப் பேசிக்கொண்டு போவாள். இன்று மாட்டாள். இன்று அவர்தான் பேச வேண்டும்.

"என்ன பேச? நீங்க பேசுங்க."

திருவல்லம் திரும்பும் இடத்தில், பின்சீட்டில் மீன்பெட்டி கட்டிய ஒரு ஸ்கூட்டர் இடப்பக்கமிருந்து வந்தது. அது வருவதை அவள் தூரத்திலேயே பார்த்தாள். அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். கார் வேகம் குறையாமல் போனது. அவள் "ஐயோ" என்று கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. ஸ்கூட்டர்க்காரன் மண்ணில் காலை ஊன்றி நின்று மலையாளத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

திரவியம் வண்டியை மெல்ல நகர்த்தினார்.

குற்றமுள்ள மனசு, அதான் பாதையில் கண் நிற்கவில்லை என்று பகவதி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க அவளுக்குச் சுலபமாக இருந்தது.

*

விழிஞ்ஞத்தில் பூவரச மரத்தடியில் ஏழெட்டுப் பேர் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காரைக் கண்டதுமே ஒருவர் கையசைத்தார்.

"வாங்கோ திரவியம். இன்னிக்கு மாமியையும் அழைச்சிண்டு வந்தாச்சா?"

பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சாம்பசிவன். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வீடு. டீக்கடை யூசுப் பாய் கேட்காமலே சர்க்கரை இல்லாத சாயாவைத் திரவியத்திடம் நீட்டினார். எந்த ஸ்டூல் அவருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆக, மூன்று மாதமாக இங்கேதான் வந்திருக்கிறார்.

பகவதி நின்ற இடத்தில் நின்றாள். ஒரு வாரமாகக் கட்டி எழுப்பிய சந்தேகம் ஒரு சாயாக் கிளாசில் கரைந்து போயிற்று. நிம்மதி வரவேண்டும். வரவில்லை. எதிரே இடப்பக்கத்தில், கடலுக்கு மேலே, கிரேன்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இங்கே உட்கார்ந்துதான் வரைந்தார் என்றால் இதை எப்படி விட்டார்? முன்பு பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். இப்போது என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஆன்ட்டி, உக்காருங்க."

சொல்லிக்கொடுக்கும் பெண் அனுஷா. முப்பது வயதிருக்கும். அப்பா களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இவள் இங்கே பிறந்து ஓவியக் கல்லூரியில் படித்தவள். தமிழைப் பேசினாலும் அதன் ஆட்டம் மலையாளத்தில் இருந்தது. இந்த வகுப்பைத் திரவியத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததே மகள் திவ்யாதான்.

"முதல்ல ஒண்ணும் வரையண்டாம். கரியைப் படுக்கப் போட்டு தாள் முழுக்கத் தேய்ங்க. பிறகு இந்தத் துணியால தடவுங்க."

பகவதி தேய்த்தாள். தாள் மழைக்கால வானம் போலச் சாம்பலாயிற்று. அனுஷா ஒரு ரொட்டித் துண்டின் நடுப்பாகத்தைப் பிய்த்து உருட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"வெளிச்சம் எங்கெல்லாம் விழுதோ அங்க இதை வச்சு ஒத்தி எடுங்க."

"ஞாயித்துக்கிழமை ஆனா ரொட்டியில ஓரத்தை மட்டும் மிச்சம் வச்சிட்டுப் போறது இதுக்குத்தானா?" என்று பகவதி கணவரைப் பார்த்தாள்.

"பின்னே, பூனைக்குன்னு நெனச்சியா?" என்றார் அவர், தாளிலிருந்து முகம் எடுக்காமல்.

சாம்பசிவன் சிரித்தார். பகவதிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கண்ணைப் பாதி மூடுங்க, ஆன்ட்டி. சின்னச் சின்னது எல்லாம் மறைஞ்சுபோகும். இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு மட்டும் காணும். இனி கையை நேரா நீட்டுங்க. ஒரு கண்ணை மூடி, கரிக்குச்சியை வச்சு அளங்க. பாறை இவ்வளவுன்னா கிரேன் எவ்வளவு?"

பகவதி கையை நீட்டி அளந்தாள். பாறையைப்போல் நாலு மடங்கு. முதல் கிரேனுக்கு நாலு கால் போட்டாள்.

"இங்கிருந்து நாலு காணுதா?"

"ரெண்டுதான் காணுது. ஆனா நாலு உண்டுமே."

"உண்டுங்கறது நமக்குத் தெரியும். காணுறதை மட்டும் போடுங்க."

கொஞ்ச நேரம் அவள் கணவரை மறந்துபோனாள். உளவு பார்க்க வந்தவள்தான். ஆனாலும் இத்தனை நேரம் ஒரு பொருளைத் துடைக்காமல், எடுத்து வைக்காமல், விலை கேட்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது அவள் வாழ்க்கையில் எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. கிரேனின் ஓரத்தில் வெயில் பட்ட இடத்தை ரொட்டியால் ஒத்தியெடுத்தபோது அங்கே ஒரு வெள்ளைக்கோடு பிறந்தது. அவள் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் அசைந்து, உடனே வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டது.

"இடப்பக்கத்துலருந்து தொடங்கினீங்க. நல்லது" என்றாள் அனுஷா. "வலது கைக்காரங்க அப்படித்தான் தொடங்கணும். இல்லேன்னா வரைஞ்சதையெல்லாம் கையே தேச்சுக் கலைச்சிரும்."

பகவதியின் கரிக்குச்சி நின்றது.

திரவியத்தின் சட்டைகளைத் துவைப்பவள் அவள். வலது கைமடிப்பின் வெளி ஓரத்தில் படிந்த கரி சோப்புக்கும் போகாது. அப்படியென்றால் இவர் வலது பக்கத்திலிருந்து அல்லவா தொடங்குகிறார்? மூன்று மாதமாக. இந்தப் பெண் அதைத் திருத்தவே இல்லையா?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அனுஷா இப்போது திரவியத்தின் இடப்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கு நின்றுகொண்டே சொல்லிக்கொடுப்பவள் அவரிடம் மட்டும் காதருகே குனிந்து மெல்லப் பேசினாள். அவர் தலையைத் திருப்பினார். எதையோ பார்த்தார். தலையாட்டினார். பகவதி பார்ப்பதைக் கண்டதும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எல்லாப் பெண்களுக்கும் வரும் அந்தச் சந்தேகம் பகவதிக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர அக்கம்பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். இது வேறு. தன் வீட்டில் தனக்குத் தெரியாத ஓர் அறை இருந்து, அதன் சாவி இந்தப் பெண்ணிடம் இருப்பது போல.

அவள் எழுந்துபோய்க் கணவரின் தாளை எட்டிப் பார்த்தாள். பள்ளிவாசல், வள்ளம், பாறை. கிரேன் இல்லை. கிரேனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மனிதரின் தாளில் கிரேன் இல்லை.

"என்ன மாமி அப்படிப் பாக்கறேள்?" என்றார் சாம்பசிவன். "உங்காத்துக்காரர் போர்ட்டுக்கு எதிரி. தெரியாதா? கரியால சத்தியாகிரகம் பண்ணிண்டிருக்கார். போன வாரம் தெரு நீளத்துக்குக் கப்பல் வந்து நின்னுது. அதையும் போடலை மனுஷன்."

"கடல் கடலா இருக்கட்டும் ஓய்" என்றார் திரவியம், புன்னகையோடு.

அந்தப் புன்னகையைப் பகவதிக்குத் தெரியும். முதலாளி எதையாவது கேட்டு, பதில் இல்லாதபோது வரும் புன்னகை. முதல் கப்பல் விழிஞ்ஞத்துக்கு வந்த அன்று டி.வி. முன்னால் நின்று கைதட்டியவர் இவர். "நம்ம ஊரு துறைமுகம் பாத்தியா" என்று ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தவர். இவராவது எதிரியாவது.

பொய் சொல்கிறார். வேடிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். எதற்கு?

கைப்பையில் போன் அடித்தது. திவ்யா.

"எங்கம்மா இருக்கீங்க?"

"விழிஞ்ஞத்துல மக்ளே. இன்னும் கொஞ்ச நேரத்துல புறப்பட்டுருவோம்."

"அப்பா எப்படி இருக்காங்க?"

"அப்பாவுக்கு என்ன? உக்காந்து வரையுகாங்க."

"இல்ல, வெறுதே கேட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல்லம்மா. நான் டாக்ஸியிலயே வாறேன்."

"உனக்கு யாரு இதைச் சொல்லித்தாறா?" என்று கேட்டுவிட்டுப் பகவதி போனை வைத்தாள்.

*

வெயில் ஏறிக் கடல் கண்ணைக் கூசச் செய்தது.

"எல்லாரும் ஸ்டூலை வலப்பக்கமாத் திருப்புங்க. இனி அடுத்த தாள்" என்றாள் அனுஷா.

திரும்பி உட்கார்ந்ததும் காட்சியே மாறிவிட்டது. கிரேன்கள் முதுகுக்குப் பின்னால் போயின. இதுவரை வலக்கோடியில் இருந்த பள்ளிவாசல் இப்போது இடப்பக்கம் வந்து நின்றது. நடுவில் கரையேற்றிய வள்ளங்கள். வலப்பக்கம் வலைக்குவியலும் அதன் பின்னால் மேடும் வீடுகளும்.

பகவதி தாளைச் சாம்பலாக்கிவிட்டு, கண்ணைப் பாதி மூடி, பள்ளிவாசலின் கோபுரத்திலிருந்து தொடங்கினாள். ஆனால் மனம் அங்கில்லை. ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை வலது ஓரத்தில் தொடங்கியது. மேட்டின் சரிவு வந்தது. வலைக்குவியல் வந்தது, அதன் கீழே நிழல்கூட வந்தது. நன்றாகத்தான் வரைகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. வள்ளம் ஒன்று வந்தது. அடுத்த வள்ளத்தின் மூக்கு வந்தது. பிறகு கை நின்றது. பின்னுக்கு வந்து, வலைக்குவியலில் இன்னும் கொஞ்சம் கரி சேர்த்தது. மறுபடியும் வள்ளம் வரை போய், அங்கேயே நின்று, திரும்பி வந்தது.

யூசுப் பாய் காலிக் கிளாசுகளைப் பொறுக்க வந்தவர் திரவியத்தின் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு சார். ஆனா எங்க பள்ளிவாசலக் காணோமே?"

சாம்பசிவன் ஒரு வேடிக்கைக்கு வாயெடுத்தார். இதற்கு வேடிக்கை கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"போடணும் பாய். போடத்தான் போறேன்" என்றார் திரவியம்.

வாரா வாரம் அன்போடு வரைந்த பள்ளிவாசல். இன்று இவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. அதைக் காணோம்.

திரவியம் கை கழுவ யூசுப்பின் கடைப் பக்கம் போனதும் பகவதி அவருடைய இரண்டு தாள்களையும் எடுத்து ஒரு வள்ளத்தின் விளிம்பில் சேர்த்து வைத்தாள். காலையில் வரைந்தது ஒன்று. இப்போது வரைந்தது ஒன்று. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். கிரேன் இல்லாமற் போனது ஒன்றில், பள்ளிவாசல் இல்லாமற் போனது மற்றொன்றில் என்று இதுவரை அவள் பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கியதும் பொருள்கள் மறைந்தன. இருட்டும் வெளிச்சமும் மட்டும் நின்றன.

இரண்டு தாளிலும் இடப்பக்கம் வெள்ளையாக இருந்தது. கரியைத் தேய்க்கக்கூட இல்லை. அங்கே தாள் இருக்கிறது என்றே தெரியாததுபோல.

போன மாதம் சுசீந்திரத்தில் அண்ணன் மகள் கல்யாணப் பந்தி அவள் நினைவில் வந்து விரிந்தது. இலையின் இடக்கோடியில் உப்பு, ஊறுகாய், வறுத்த ஏத்தங்காய் உப்பேரி. திரவியம் எழுந்தபோது அந்தக் கோடி வைத்தது வைத்தபடி கிடந்தது. பிரஷருக்குப் பயந்து உப்பையும் ஊறுகாயையும் விட்டார் என்று மதினியிடம் பெருமையாகச் சொன்னாள். உப்பேரி என்றால் உயிரை விடுகிறவர் அதை ஏன் தொடவில்லை என்று அப்போது ஒரு நொடி உறுத்தியது. உறுத்தியதை விட்டுவிட்டாள். காரின் இடப்பக்கக் கீறல். இடப்பக்கம் வைத்தால் தட்டி விழுகிற டம்ளர். இன்று காலை ஸ்கூட்டர்.

சந்தேகப்படுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தாள். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

அனுஷா பக்கத்தில் வந்து நின்றாள். பகவதி திரும்பாமலே கேட்டாள். "நீ ஏன் எப்பவும் அவருக்கு அந்தப் பக்கமே உக்காருகே?"

"அதை சார்தான் சொல்லணும், ஆன்ட்டி. நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"கேக்க வேண்டியது எனக்குத் தெரிஞ்சுபோச்சு மோளே. நீ வாக்கைக் காப்பாத்திக்கோ."

*

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். காரின் முன்னால் நின்று திரவியம் சட்டைப் பையைத் தடவினார்.

"சாவி உன்கிட்டயா தந்தேன்?"

சாவி அவளிடம்தான் இருந்தது. "இந்தாங்க" என்று சொல்ல வாய் திறந்தவள் சொல்லவில்லை. இரண்டடி எடுத்து வைத்து அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள். கரிக்குச்சியால் அளந்தாளே, அதேபோல் கையை நேராக நீட்டினாள். அதன் நுனியில் சாவி வெயிலில் மின்னியது. அவர் கன்னத்துக்கும் சாவிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அவர் வலப்பக்கம் பார்த்தார். கார்க் கூரையைப் பார்த்தார். குனிந்து மணலைப் பார்த்தார். பான்ட் பைகளைத் திருப்பினார். "இங்கதானே வச்சேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

தான் செய்வது கொடுமை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கையைத் தாழ்த்தவில்லை. ஒரு வாரம் அவள் ஒரு திருடனைப் பிடிக்கத்தான் திட்டம் போட்டாள். பிடித்தும் விட்டாள். முப்பது வருஷம் கூட இருந்த மனிதர் வெயிலில் நின்று தன் முகத்துக்கு நேரே இருக்கும் சாவியைத் தேடுகிறார். போதும், இனி வேண்டாம், பார்த்துவிடுங்கள் என்று உள்ளுக்குள் அவள் கெஞ்சினாள்.

திரவியம் தேடுவதை நிறுத்தினார். இரண்டு கைகளும் தொங்கின. கடலைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"பகவதி, நீ அந்தப் பக்கமாத்தானே நிக்கே?"

அவள் நீட்டிய கையோடு நின்றாள்.

"பேசாம இருந்தா எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

"இங்கதான் நிக்கேன்."

குரல் வந்த பிறகு அவர் தலையை முழுவதும் திருப்பினார். இப்போது பார்த்தார். அவளை, நீட்டிய கையை, சாவியை.

"திருப்பிப் பாத்தா எல்லாம் தெரியும். கண்ணுல கொறையில்ல" என்றார். "அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குங்கதே மனசுக்குத் தோணாது. யாராவது சொன்னாத் தோணும். அந்தப் பிள்ள பக்கத்துல உக்காந்து சொல்லும். கார்ல நீ பேசிட்டு வந்தா, ஓ, இங்க ஒரு பக்கம் உண்டுன்னு நினைவு வரும்."

ஏதாவது பேசிட்டு வாயேன்.

காலையில் திருவல்லம் வரை அவள் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். மீன்பெட்டி கட்டிய அந்த ஸ்கூட்டரில் வந்தவன் யார் பெற்ற பிள்ளையோ.

"இதை வச்சிக்கிட்டு இத்தனை நாளு வண்டி ஓட்டியிருக்கிய. இப்ப வயித்துப்பிள்ளைக்காரிய ஏத்திட்டு பைபாஸ்ல வரப் பாத்திய."

"நீதானே நான் வரணும்னு நின்னே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. களைத்த குரல். "முடியாதுன்னு சொன்னா, ஏன்னு கேப்பே. அதுக்குப் பதில் சொல்லணுமே."

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. சட்டையின் வலது கைமடிப்பில் கரி அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடுவதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது இடப்பக்கம் நின்றபடியே, குறுக்கே கை நீட்டி.

அப்போது மறுபடியும் போன் அடித்தது.

"அம்மா, புறப்பட்டாச்சா?" திவ்யாவின் குரல் அவசரமாக வந்தது. பிறகு தணிந்து, ரகசியம்போல, "வண்டி யாரும்மா ஓட்டுகா?" என்று கேட்டாள்.

பகவதி கணவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதமாக டாக்ஸி, டாக்ஸி என்று அடம்பிடித்தது. அப்பா எப்படி இருக்காங்க என்று போன் எடுக்கும்போதெல்லாம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டது. ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. பாவம் அந்த மாமியாரை எவ்வளவு திட்டியிருக்கிறாள்.

"யாரும் ஓட்டல்ல" என்றாள் பகவதி. "உனக்கு இது எப்பத்துலருந்து தெரியும் மக்ளே?"

மறுமுனையில் கழக்கூட்டத்து வண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பகவதி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லு. நான் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கேன்" என்றாள். "வீட்டுல மூணு பேருல ரெண்டு பேரு சேந்து என்கிட்ட மட்டும் ஏன் சொல்லாம வச்சிய?"